கை எட்டாத அடுக்குகள்: டார்ம்ஸ்டாட் கிரானிக்ஸ்டைன் வீடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில், பொதுச்சுவர் பகிர்ந்து வரிசையாக நிற்கும் நான்கு வீடுகள் உள்ளன. நான்கு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென்று கட்டிக்கொண்டவை அவை. 1990 அக்டோபரில் பணி தொடங்கியது; 1991 அக்டோபரில் குடிபுகுந்தார்கள். ஒவ்வொரு வீடும் 156 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,680 சதுர அடி. தெற்குப் பக்கத்துப் பெரிய சன்னல்களையும் புல் முளைத்த கூரையையும் தவிர, வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு விசேஷமாக எதுவும் படாது. ஆனால் மிகச் சிறிதளவு சூடாக்கலிலேயே கதகதப்பாக இருக்கும் வீட்டுக்கென, இன்று ‘பாசிவ்ஹவுஸ்’ என்று உலகெங்கும் அறியப்படும் கட்டுமான முறையில் எழுந்த முதல் கட்டடம் இதுதான். அதன் வெப்பக் கணக்கைப் போட்ட இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் தம் குடும்பத்தோடு இந்த நான்கில் ஒன்றில் குடியேறினார். கணக்குப் போட்டவரே அந்தக் கணக்குக்குள் குடியிருந்ததால், பிற மாதிரி வீடுகளில் ஓரிரு ஆண்டுகளோடு நின்றுபோகும் அளவீடு இங்கே கால் நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது. சொந்தமாக வீடு கட்டுபவர் இந்த வீட்டை ஆராய்வதில் கிடைக்கும் பயனும் அங்கேதான் இருக்கிறது.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆண்டில் எத்தனை கிலோவாட் மணி, அதாவது நம் மின்கட்டண அட்டையில் காணும் அதே யூனிட், செலவாகிறது என்பதே இங்கு அளவுகோல். எரிவாயுவில் எரித்தாலும் இந்த அலகிலேயே கணக்கிடுவார்கள். அந்நாளைய பழைய ஜெர்மன் வீடுகளில் இது 150 யூனிட்டைச் சாதாரணமாகத் தாண்டும். கிரானிக்ஸ்டைன் வீட்டில் அது 10 யூனிட்டை ஒட்டி நின்றது. முழு வீட்டுக்கும் ஆண்டுக்கு 1,560 யூனிட். எண்ணெய் எரிப்பதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 156 லிட்டர். சூடாக்கல், குளியல்நீர், சமையல், மின்சாரம் என்று வீட்டுக்குள் வரும் ஆற்றல் அனைத்தையும் கூட்டினாலும் சதுர மீட்டருக்குச் சுமார் 32 யூனிட்டில் ஆண்டு முடிந்தது.

இந்த எண்களை எப்படி எட்டினார்கள் என்பதை விவரிக்கும் கட்டுரைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை வெப்பம் கடந்து போகாமல் தடுக்கும் காப்புப் பொருளின் தடிமனையும் சன்னலின் தரத்தையும் பட்டியலிட்டு நின்றுவிடுகின்றன. எனக்கு இந்த வீட்டில் முக்கியமாகப் படுவது வேறு: எந்தப் பகுதிகளில் பின்னாளில் கை வைக்க முடியாது, எவற்றில் முடியும் என்பதை முதலிலேயே பிரித்து, கை எட்டாதவற்றில் கவனத்தையும் பணத்தையும் கொட்டி, கை எட்டுபவற்றை எளிமையாக வைத்த அந்தப் பாகுபாடு. வீட்டின் வெற்றிகளும் திருத்தங்களும் பெரும்பாலும் இந்தக் கோட்டின் இரு பக்கங்களிலும் வரிசையாக வந்து அமர்கின்றன.

முன்னோடி ஒன்றின் அனுபவம்

இதே பிரிவினையைக் கனடாவில் ஒரு வீடு, திட்டமிடாமலேயே, முன்னதாகக் காட்டிவிட்டது. 1977இல் சஸ்காச்சவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் ஒரு மாதிரி வீடு கட்டப்பட்டது. வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றியவர் ஹரால்ட் ஓர் என்ற பொறியாளர். இரட்டைச் சட்டகச் சுவர்களுக்கிடையே தடித்த காப்பு, இடைவெளியின்றிச் சுற்றப்பட்ட பாலித்தீன் தாள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றும் வெப்பமாற்றி ஆகியவை அதில் இருந்தன. அவற்றோடு, கூரையில் விலையுயர்ந்த சூரிய வெப்பக் குழாய்களும் பெரிய சேமிப்புத் தொட்டியும் சேர்க்கப்பட்டன. பார்வையாளர்கள் பார்க்க வந்தது பெரும்பாலும் அந்தச் சூரிய அமைப்பைத்தான். தொல்லை கொடுத்ததும் அதுவேதான். வீடு தனியார் கைக்குப் போனபோது அது கழற்றப்பட்டது. சுவருக்குள் மறைந்திருந்த காப்பும் தாளும் ஒருவர் கவனமும் கேட்காமல் வேலை செய்துகொண்டிருந்தன. அந்த வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்ட வெப்பம் மிகச் சிறிது என்பதால், அவ்வளவு பெரிய இயந்திர அமைப்பை வைப்பதற்கே முகாந்திரம் இல்லை என்பது பிற்பாடு விளங்கியது.

ஜெர்மானிய வீட்டின் கருத்து 1988 மே மாதத்தில் ஃபைஸ்டுக்கும் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ ஆடம்சனுக்கும் இடையே நடந்த உரையாடலில் பிறந்தது. ஆடம்சன் அதற்கு முன் தென்சீனத்தில், குளிர்காலத்திலும் வீடுகளைச் சூடாக்க அனுமதியில்லாத பகுதிகளில், கட்டட மேம்பாட்டுக்காக வேலை செய்தவர். அடுப்பில்லாத வீட்டை எப்படித் தாங்கும் அளவுக்குக் கதகதப்பாக வைப்பது என்ற ஏழை நாட்டுக் கேள்வி, பணக்கார நாட்டில் எரிபொருளை எப்படி மிச்சப்படுத்துவது என்ற கேள்விக்கு விடையாக உருமாறியது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும். ஹெஸ்ஸன் மாநில அரசு, வழக்கமான கட்டுமானத்தைவிடக் கூடுதலாக ஆன செலவில் பாதியை ஏற்றுக்கொண்டது.

சுவர், கூரை, தரை

சுவரின் உட்பகுதி 175 மில்லிமீட்டர் சுண்ணாம்பு மணற்கல் கட்டு. அதன் உள்முகத்தில் 15 மில்லிமீட்டர் ஜிப்சம் பூச்சு. வெளிமுகத்தில் 275 மில்லிமீட்டர் தெர்மோகோல், அதன் மேல் வலை வைத்த வெளிப்பூச்சு. தெர்மோகோலை ஒரே பலகையாக ஒட்டாமல் 150, 125 மில்லிமீட்டர் என்று இரண்டு அடுக்காக ஒட்டினார்கள். கூரையில் 445 மில்லிமீட்டர் ஆழமுள்ள குழியை மரச் சட்டங்களுக்கிடையே கனிமப் பஞ்சு ஊதி நிரப்பினார்கள். நிலவறைக்கு மேலுள்ள தளத்தின் அடியில் 250 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன். இவற்றின் வெப்பக் கடத்தல் எண் சுவருக்கு 0.14, கூரைக்கு 0.1, தரைக்கு 0.13. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியே இத்தனை வாட் வெப்பம் ஓடும் என்பது இந்த எண்ணின் பொருள்.

தெர்மோகோலை 10 சென்டிமீட்டரோடு நிறுத்தியிருந்தாலே சுவரின் எண் 0.35 அளவுக்கு இறங்கியிருக்கும். வெற்றுச் சுவரில் அது 2க்கு மேல் இருக்கும் என்பதால், மிச்சத்தின் பெரும்பங்கு முதல் 10 சென்டிமீட்டரிலேயே வந்துவிடுகிறது. எஞ்சிய 17 சென்டிமீட்டருக்கு ஏன் செலவழிப்பது என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு இரண்டு பதில்கள் உண்டு. சாரம் கட்டுவதும், கூலியும், வெளிப்பூச்சும், வண்ணமும் தடிமன் எதுவானாலும் ஏறக்குறைய ஒன்றே. கூடுவது பொருளின் விலை மட்டும். இன்னொன்று, சுவர் மீது மெல்லிய காப்பை ஒருமுறை ஒட்டிப் பூசிவிட்டால், அதன் மேல் மறுபடி காப்பு ஒட்டுவதற்கு அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு எவருக்கும் மனம் வராது. பாதி வேலையாகச் செய்த சுவர் முழு வாழ்நாளும் பாதி வேலையாகவே நிற்கும். கொதிகலனை அப்படிச் சொல்ல முடியாது. பதினைந்து இருபது ஆண்டில் அது எப்படியும் மாறப்போகிறது.

காப்பு வீட்டைச் சுற்றி உடையாமல் வர வேண்டும். சுவரின் அடிப்பகுதி நிலவறைச் சுவர் மேல் அமரும் இடம், பால்கனிக்காகக் கான்கிரீட் பலகை வெளியே நீளும் இடம், சன்னல் சட்டம் கல்லைத் தொடும் இடம் ஆகியவற்றில் வெப்பம் குறுக்குவழி கண்டு ஓடும். இதை வெப்பப் பாலம் என்பார்கள். காப்பு மெலிந்த வீட்டில் இந்தப் பாலங்கள் மொத்த இழப்பில் சிறு பங்கே என்பதால் ஒருவர் கண்ணிலும் படாமல் போகும். மற்ற இழப்புகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கிய வீட்டில் அதே பாலம் பெருங்கணக்காக நிமிர்ந்து நிற்கும். எனவே காப்பைக் கூட்டக் கூட மூலைகளின் வரைபடத்துக்கு ஒதுக்கும் நேரத்தையும் கூட்ட வேண்டும். இதைச் செய்யாத வீடுகளில் காகிதத்தில் போட்ட கணக்கும் வந்து சேர்ந்த எரிவாயுப் பட்டியலும் ஒத்துப்போவதில்லை.

காற்றிறுக்கம் யாருடைய பொறுப்பு

கிரானிக்ஸ்டைன் வீட்டின் மிகக் கடினமான பகுதி, என் கணிப்பில், தெர்மோகோலும் இல்லை, சன்னலும் இல்லை. சுவரின் உட்பூச்சும் கூரையின் பாலித்தீன் தாளும் சந்திக்கும் அந்த ஒரு கோடு. கல் கட்டு திடமாகத் தெரிந்தாலும் அதன் கலவை மூட்டுகளில் காற்று புகும். உள்ளே பூசும் பூச்சுதான் காற்றைத் தடுக்கிறது. எனவே கொத்தனார் பூச்சைத் தரையின் மேற்பூச்சு வருமிடத்தோடு நிறுத்தாமல், கான்கிரீட் தளம் வரை கீழே இறக்கிப் பூச வேண்டும். பின்னால் குளியல் தொட்டியோ படிக்கட்டோ மறைக்கப்போகும் சுவரையும், “யார் பார்க்கப் போகிறார்கள்” என்று விடாமல், மறைப்பதற்கு முன்பே பூச வேண்டும். சுவிட்சுப் பெட்டிகளை வெறும் துளையில் செருகாமல் ஜிப்சம் கலவையில் பதிக்க வேண்டும். கூரையின் தாளோ தச்சரின் வேலை. கொத்தனார் போன பின் தச்சர் வருகிறார். தச்சர் போன பின் மின்பணியாளர் வந்து துளையிடுகிறார். தத்தம் வேலையை எல்லோரும் சரியாகவே செய்து முடித்த வீட்டிலும், இருவர் வேலைக்கும் நடுவிலுள்ள மூட்டு அனாதையாகிவிடும்.

இதற்கு அத்துறையினர் கையாளும் ஒரு விதி மிக எளிமையானது. கட்டடத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தில் பென்சிலை வைத்து, காற்றைத் தடுக்கும் அடுக்கின் மீது, கையை எடுக்காமல் ஒரு முழுச் சுற்று வந்து புறப்பட்ட இடத்தில் முடிக்க வேண்டும். பென்சில் எங்கே நிற்கிறதோ அங்கே மூட்டு தீர்மானிக்கப்படவில்லை என்று பொருள். அந்த இடத்தில் எந்தப் பொருள், யார் கையால், எந்த நாளில் என்று எழுதிய பிறகே வேலை தொடர வேண்டும்.

சரிபார்ப்பது வாசலில் ஒரு விசிறியைப் பொருத்திச் செய்யும் காற்றழுத்தச் சோதனையால். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் வேறுபாட்டை உண்டாக்குகிறார்கள். மணிக்கு 33 கிலோமீட்டர் வேகக் காற்று நேரே வந்து மோதும் அழுத்தம் அது. அந்த நிலையில் வீட்டின் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மாறுகிறது என்பதே அளவு. பின்னாளில் பாசிவ்ஹவுஸ் தரம் இதற்கு 0.6 என்று உச்சவரம்பு வைத்தது; கிரானிக்ஸ்டைன் வீடுகளில் அது 0.2 முதல் 0.4 வரையே இருந்தது. சோதனையை எப்போது செய்வது என்பது அதன் முடிவைப் போலவே முக்கியம். தாளும் பூச்சும் கண்ணுக்குத் தெரியும் நிலையில், உள்பலகைகள் அடிக்கும் முன்பே செய்தால், ஈரக்கையை மூட்டருகே கொண்டுபோனாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அங்கேயே நின்று ஒட்டிவிடலாம். வீடு முடிந்த பின் செய்யும் சோதனை, ஓட்டை உண்டு என்று சொல்லும். அடைக்க வழி சொல்லாது.

ஓட்டையால் வெப்பம் மட்டும் போவதில்லை. குளிர்காலத்தில் உள்ளிருக்கும் ஈரப்பதமுள்ள காற்று கூரையின் ஓட்டை வழியே காப்புக்குள் நுழைந்து, குளிர்ந்த இடத்தில் நீராக இறங்கி மரத்தை அழுகச் செய்யும். காப்பு தடித்த கூரையில் வெளிப்பலகை இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் ஆபத்தும் கூடும். காற்றிறுக்கமில்லாமல் காப்பை மட்டும் கூட்டுவது அரைகுறை வேலை என்று கூடச் சொல்ல முடியாது. அது தீங்கான வேலை. நம் ஊரில் இதையே திருப்பிப் படிக்க வேண்டும். சென்னையின் ஈரம் வெளியிலிருந்து குளிரூட்டிய அறைக்குள் வர முயல்வது. அங்கே இந்த வீட்டின் தாளை இதே இடத்தில் வைத்தால் ஈரம் சுவருக்குள் சிக்கிக்கொள்ளும். அடுக்குகளின் வரிசை தட்பவெப்பத்துக்குக் கட்டுப்பட்டது, எண்களை அப்படியே எடுத்துச்செல்ல முடியாது.

சன்னல்

மூன்று கண்ணாடிகள், இடையே கிரிப்டான் வாயு, கண்ணாடியின் மேல் வெப்பக் கதிரைத் திருப்பும் மெல்லிய உலோகப் படலம், பாலியூரித்தேன் நுரையால் காப்பிட்ட மரச் சட்டம்: கடத்தல் எண் 0.7 அளவு. அன்றைய சந்தையில் அப்படிக் காப்பிட்ட சட்டம் கிடைக்கவில்லை. கைவேலையாகச் செய்ய வேண்டியிருந்தது. வீட்டின் கூடுதல் செலவில் சன்னல்கள் கணிசமான பங்கெடுத்ததில் வியப்பில்லை.

இந்தச் செலவுக்குக் கிடைத்ததைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். வெளியே கழித்தல் 14 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் உறைநிலைக்குக் கீழே போய்ப் பனிப்பூ படியும். பழைய இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் 7, 8 டிகிரியில் நிற்கும். அறைக்காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமானால் 9 டிகிரிக்குக் கீழே நீர் வியர்க்கும் என்பதால் அதில் நீர் வழியும். கிரானிக்ஸ்டைன் சன்னலின் கண்ணாடி அதே இரவில் 17 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்நாடுகளில் குடியேறிய நம்மவர்கள் சன்னலடியில் வழியும் நீரையும், திரைக்குப் பின்னால் பூக்கும் கரும்பூஞ்சணத்தையும், காலையில் துணி வைத்துத் துடைப்பதையும் நன்றாக அறிவார்கள். அந்த வீட்டு வேலை இந்தச் சன்னலில் இல்லாமலே போகிறது. குளிர்ந்த கண்ணாடியிலிருந்து இறங்கும் காற்றைச் சமாளிக்க ரேடியேட்டரைச் சன்னலடியில் வைக்கும் வழக்கமும் தேவையற்றதாகிறது. எங்கே வைத்தாலும் அறை ஒரே சீராக இருக்கும்.

தெற்குக் கண்ணாடி குளிர்காலத்துச் சாய்வெயிலை உள்ளே விடுவதால் அது இழப்பதைவிடப் பெறுவது அதிகம். கோடையில் இதே கண்ணாடி எதிரியாகலாம். கனத்த கல்லும் கான்கிரீட்டும் காப்புக்கு உட்பக்கத்தில் இருப்பதால் பகலின் வெப்பத்தை மெதுவாக வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் மேல்மாடிச் சன்னலையும் கீழ்ச் சன்னலையும் திறந்துவிட்டால் அது வெளியேறும். நிழலும் இரவுக் காற்றும் வீட்டுக்காரர் கையால் தினமும் நடக்க வேண்டிய காரியங்கள். காப்பு இரவு பகலாகத் தானே வேலை செய்யும், சன்னல் அப்படியல்ல.

காற்றோட்டமும் சின்ன அடுப்பும்

இவ்வளவு இறுக்கமான வீட்டுக்குள் காற்று தானாக வராது, வரவழைக்க வேண்டும். நிலவறையில் வைத்த எதிரோட்ட வெப்பமாற்றி, சமையலறையிலும் குளியலறையிலும் இருந்து உறிஞ்சிய காற்றின் வெப்பத்தில் சுமார் 80 சதவீதத்தைப் படுக்கையறைகளுக்குப் போகும் புதுக்காற்றுக்கு மாற்றியது. நான்கு பேருக்கு ஆளுக்கு மணிக்கு 30 கனமீட்டர் வீதம் 120 கனமீட்டர் காற்று. வெளியே 0 டிகிரியானால் அதைச் சூடாக்க 800 வாட் வேண்டும். வெப்பமீட்புக்குப் பின் 160 வாட் போதும். விசிறிக்கு எவ்வளவு மின்சாரம் என்பதே இங்குச் சிக்கல். மிச்சமாகும் வெப்பத்தை விசிறி தின்றுவிட்டால் பயனில்லை. இந்த வீட்டில் மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் நேர்மின் விசிறிகளை அதற்காகவே பொருத்தினார்கள்; நம் வீட்டுக் கூரைகளில் இப்போது பரவும் பி.எல்.டி.சி. விசிறிகளும் அந்த வகைதான். இன்றைய பாசிவ்ஹவுஸ் விதி ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.45 வாட் மணிக்கு மேல் அனுமதிப்பதில்லை. 120 கனமீட்டருக்கு அது 54 வாட்.

சதுர மீட்டருக்கு 10 வாட் என்பது பாசிவ்ஹவுஸ் முறையின் மையமான எண். சுகாதாரத்துக்காக எப்படியும் உள்ளே வர வேண்டிய அந்த 30 கனமீட்டர் காற்றைத் தூசு கருகாத அளவுக்குச் சூடாக்கினால், அதுவே ஆளுக்குச் சுமார் 300 வாட் வெப்பத்தைச் சுமந்துவரும். ஒருவருக்கு 30 சதுர மீட்டர் இடம் என்று கொண்டால் சதுர மீட்டருக்கு 10 வாட். கடுங்குளிர் நாளிலும் தேவை இதற்குள் அடங்கினால் தனிச் சூடாக்கும் அமைப்பே தேவையில்லை. 156 சதுர மீட்டர் வீட்டுக்கு இது 1,560 வாட். நம் குளியலறை கீசர் 2,000 வாட் என்பதை நினைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் வீட்டுக்காரர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான்: இவ்வளவு சிறிய கொதிகலன் கடையில் கிடைக்காது, விற்பவர் “எதற்கும் இருக்கட்டும்” என்று பத்து மடங்கு பெரியதைப் பொருத்திவிடுவார், அது நிமிடத்துக்கொரு முறை எரிந்து அணைந்து தேய்ந்துபோகும்.

மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியே வெளிக்காற்றை இழுத்து முன்கூட்டியே இளஞ்சூடாக்கும் ஏற்பாடும் இந்த வீட்டில் இருந்தது. வெப்பமாற்றியில் பனி உறையாமல் காக்க அது உதவியது. ஆனால் கோடையில் அத்தகைய குழாய்க்குள் நீர் வியர்க்கும். சரிவு சரியில்லையென்றால் தேங்கும். சுத்தம் செய்ய உள்ளே கை போகாது. பின்னால் வந்த பலர் காற்றுக்குழாயை விட்டு, மண்ணில் திரவம் ஓடும் மெல்லிய குழாயைப் புதைத்து அதன் வெப்பத்தை நிலவறையில் காற்றுக்கு மாற்றும் முறைக்குப் போனார்கள். மூச்சுக்காற்று செல்லும் பாதையில் கை எட்டாத ஒரு பகுதியை வைக்கக் கூடாது என்ற அறிவு அனுபவத்தால் வந்தது.

முதல் குளிர்காலமும் பிறகும்

குடியேறிய முதல் குளிர்காலமான 1991-92இல் சூடாக்கலுக்குச் செலவானது சதுர மீட்டருக்கு 19.8 யூனிட், எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டு 11.8க்கு இறங்கியது. மூன்றாம் ஆண்டிலிருந்து 10க்குக் கீழே. புதுக் கட்டடத்தின் பூச்சிலும் கான்கிரீட்டிலும் தேங்கிய நீர் உலர்வதற்கே வெப்பம் செலவாகும். கருவிகளின் சரிப்படுத்தலும் முதல் ஆண்டில் முடிந்திருக்காது. முதல் பட்டியலைப் பார்த்து வடிவமைப்பாளரைத் திட்டும் வீட்டுக்காரரும், முதல் பட்டியலை வைத்து ஊருக்கு அறிவிக்கும் வீட்டுக்காரரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கிரானிக்ஸ்டைனில் அளவுமானிகள் தனித்தனியாக இருந்ததால்தான் எது எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. சூடாக்கல், குளியல்நீர், விசிறி, வீட்டு மின்சாரம் ஆகியவற்றுக்குத் தனி மானி வைக்கச் சுவர் திறந்திருக்கும்போது ஆகும் செலவு சொற்பம்.

நான்கு வீடுகளின் நுகர்வும் ஒன்றாக இருக்கவில்லை. அறையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் இத்தகைய வீட்டில் சூடாக்கல் 10 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் 10 யூனிட்டில் அது ஒரு யூனிட் சொச்சம். பழைய வீட்டில் இதே ஒரு டிகிரி அதைப்போல் பல மடங்கை விழுங்கும். குடியிருப்பவரைக் கண்டிப்புக்கு உட்படுத்தாமல் அவர்கள் பழக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் வீடு என்ற முறையில் இதை நான் மதிப்பேன்.

பராமரிப்பில் தவிர்க்க முடியாதது காற்று வடிகட்டி. அடைத்துப்போன வடிகட்டியால் விசிறிக்கு மின்சாரம் கூடும், காற்று குறையும், உள்வருவதும் வெளியேறுவதும் சமநிலை தவறி வெப்பமீட்பும் கெடும். இயந்திரம் நிலவறையில் நின்ற உயரத்தில், விளக்கு வெளிச்சத்தில் இருந்தால் மாற்றுவதற்கு ஐந்து நிமிடம். பரண்மேல் ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தால் அது இரண்டாம் ஆண்டோடு மறக்கப்படும். இரண்டாவது, குளிர்காலத்தில் காற்று மிக உலர்ந்துபோவது. தொண்டை காய்கிறது என்று புகார் வந்தால் ஈரமூட்டும் கருவி வாங்குவதற்கு முன் விசிறியைக் குறைக்க வேண்டும். தேவைக்கு மேல் உள்ளே இழுத்த உலர்ந்த வெளிக்காற்றுதான் பெரும்பாலும் காரணம். குளியல்நீருக்கு ஒரு வீட்டுக்கு 5.3 சதுர மீட்டர் சூரியத் தட்டு ஆண்டுத் தேவையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் இந்த வெந்நீரில் இணைத்ததால் மின்சாரமும் மிஞ்சியது.

1995இல், கொலராடோவின் ஓல்ட் ஸ்னோமாஸில் வழக்கமான சூடாக்கும் அமைப்பில்லாத வீடு கட்டி உள்ளே வாழை வளர்த்த அமெரிக்க ஆற்றல் ஆய்வாளர் அமோரி லோவின்ஸ் கிரானிக்ஸ்டைன் வீட்டுக்கு வந்தார். இது ஆய்வகப் பொருளாகவே இருந்துவிடாமல், பகுதிகளை எளிதாக்கிச் செலவைக் குறைத்தால் பொதுவழக்காகலாம் என்ற பேச்சு அங்கே வலுப்பெற்றது. 1996இல் பாசிவ்ஹவுஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 221 வீடுகள் இதே கணக்கில் எழுந்து அளக்கப்பட்டன. கைவேலையாகச் செய்த சன்னல் தொழிற்சாலைப் பொருளாயிற்று.

2016இல், 25 ஆண்டு நிறைவையொட்டி, வீட்டை மீண்டும் ஆராய்ந்தார்கள். சூடாக்கலின் நெடுங்காலச் சராசரி சதுர மீட்டருக்கு 8.4 யூனிட் என்று வந்தது. தெர்மோகோலும் கனிமப் பஞ்சும் பூச்சும் தாளும் 1991இல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் கூரையில் சூரிய மின்பலகைகள் ஏறியிருந்தன. 1991இல் ஒரு வீட்டுக்காரரால் வாங்க முடியாத விலையிலிருந்த பொருள் அது. கால் நூற்றாண்டுக்குள் விலை இறங்கிய பின், அடியிலுள்ள 445 மில்லிமீட்டர் பஞ்சைத் தொடாமலே, அதைக் கூரை மேல் கொண்டுபோய் வைக்க முடிந்தது.